எடுக்கச் சொல்லும் உரிமை: நீண்டகாலக் கருத்தடையும் சமூக ஏற்றத்தாழ்வும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



வீட்டுக்குள் தாழ்ந்த குரலிலும், மருத்துவமனையில் அவசரக் குரலிலும் மட்டுமே பேசப்படும் ஒரு பொருளை இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். காப்பர்-டி, ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம், கையின் தோலுக்கடியில் வைக்கும் குச்சி ஆகிய மூன்றையும் நீண்டகாலக் கருத்தடை என்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியையும் சிலர் இதில் சேர்ப்பார்கள். முதல் மூன்றையும் ஒருமுறை போட்டால் போதும். ஆண்டுக்கணக்கில் பலன் தரும். ‘காப்பர்-டி 380ஏ’ பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும். அதைப் பயன்படுத்தும் நூறு பேரில் ஓர் ஆண்டில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. அன்றாடம் நினைவு வைத்து விழுங்க வேண்டிய மாத்திரைக்கு இந்தப் பலன் கிடையாது. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், மறுபடி கருத்தரிக்கலாம். மருத்துவம் பெண்ணுக்குத் தந்த நல்ல கருவிகளுள் இவை அடங்கும். அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால், மாத்திரைக்கும் இவற்றுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மாத்திரை வேண்டாம் என்றால் அந்தப் பெண்ணே நிறுத்திவிடுகிறாள். காப்பர்-டியை நிறுத்த இன்னொருவர் கை வேண்டும். தோலடிக் குச்சியை எடுக்கச் சிறு கீறலே போட வேண்டும். தொடங்குவதும் முடிப்பதும் பயிற்சி பெற்ற வேறொருவரிடம் இருக்கின்றன. அந்த வேறொருவர் அரசு ஊழியராக, படித்தவராக, பெரும்பாலும் அவளைவிட மேல்தட்டைச் சேர்ந்தவராக இருக்கிறார். சாதி, வர்க்கம், இனம், வயது என்று சமூகத்தில் உள்ள எல்லா மேடுபள்ளங்களும் இந்த இடத்தில் நுழைந்துவிடுகின்றன.

ஆகவே இன்றைய உரையின் மையக் கருத்து இது: ஒரு சமூகம் நீண்டகாலக் கருத்தடையை நியாயமாக வழங்குகிறதா என்று அறிய, எத்தனை பேருக்குப் போட்டார்கள் என்ற கணக்கு போதாது. ‘எடுத்துவிடுங்கள்’ என்று ஒரு பெண் கேட்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை ஏழு குறிப்புகளாக விரித்துரைக்கிறேன்.

1. ஏற்றத்தாழ்வின் இரண்டு முகங்கள்

ஏற்றத்தாழ்வு என்றதும் ‘வசதி உள்ளவருக்குக் கிடைக்கிறது, இல்லாதவருக்குக் கிடைக்கவில்லை’ என்றே நாம் எண்ணுகிறோம். அது உண்மைதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 2007 முதல் 2011 வரை ‘சாய்ஸ்’ என்ற ஆய்வுத் திட்டம் நடந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அவர்கள் கேட்ட கருத்தடை முறையை இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் நீண்டகால முறைகளையே தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை பலருக்குக் குறுக்கே நின்றது விலை என்று இதிலிருந்து தெரிந்தது. ஆனால், அங்கே வந்த ஒவ்வொருவருக்கும் முதலில் இந்த முறைகளின் சிறப்பையே எடுத்துச் சொன்னார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது முகத்தைக் காட்டியது 2010-இல் கிறிஸ்டீன் டேலன்டார்ஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பெண்கள் பேசும் காணொளிகளைக் காட்டினார்கள். உடல்நிலையை மாற்றாமல், இனத்தையும் பொருளாதார நிலையையும் மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஏழைப் பெண்களுள், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவருக்கும் கருப்பைச் சாதனத்தைப் பரிந்துரைத்தவர்கள் அதிகம். வெள்ளைப் பெண்களுக்குள் பார்த்தால், ஏழைகளைவிட வசதியானவர்களுக்கே பரிந்துரை அதிகம்.

ஒரே அறையில் ஒருத்திக்கு மறுக்கிறோம், இன்னொருத்திக்குத் திணிக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே: அவள் யார் என்று பார்க்கிறோம்; அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. பயன்பாட்டு விழுக்காடு இரு பிரிவினருக்கும் சமமாக வந்துவிட்டால்கூட நியாயம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

2. யாருக்காகக் கருத்தடை?

இந்தக் கேள்வி நம் மண்ணில் 1930-களிலேயே எழுந்தது. பெண்ணின் உடல்நலத்துக்காக, குடும்பச் சொத்துக்காக, நாட்டின் பொருளாதாரத்துக்காகக் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் வாதாடியபோது, பெண் விடுதலை பெறுவதற்காகவே அது வேண்டும் என்று பெரியார் ‘குடிஅரசு’ இதழில் வாதிட்டார். பெண்ணின் சுயேச்சையை முதற்காரணமாக வைத்த அந்த வாதம் அன்று அரிதானது.

பின்னால் வந்த அரசுத் திட்டம் அந்த வழியில் செல்லவில்லை. அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பஸ் உருவாக்கிய ‘லூப்’ 1965-இல் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குள் வந்தது. நெகிழி வளைவு; விலை மலிவு; சில நிமிடங்களில் போட்டுவிடலாம். மக்கள்தொகையைக் கண்டு அஞ்சிய திட்டமிடுவோர் இதைப் பெரும் வரமாகக் கண்டார்கள். ஊர்தோறும் இலக்கு வைத்தார்கள். போடுபவருக்கும், அழைத்து வருபவருக்கும், போட்டுக்கொள்பவருக்கும் பணம் கொடுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 17 லட்சம் பெண்களுக்கு லூப் போடப்பட்டது.

அதற்கடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை சரிந்தது. இரத்தப்போக்கும் வலியும் வரலாம் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள் குறைவு. வந்தபோது பார்க்க ஆளில்லை. முகாம் போட்டவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். பட்ட பெண் பக்கத்து வீட்டில் சொன்னாள். செய்தி ஊரெங்கும் பரவியது. அதிகாரிகள் அதை வதந்தி என்றார்கள். பெரும்பாலும் அது பெண்களின் சொந்த அனுபவம். போடுவதற்கு ஒரு படையே இருந்தது; எடுப்பதற்கு ஏற்பாடு இல்லை. ஒரு நல்ல கருவியின் பெயரை ஒரு தலைமுறைக்குக் கெடுத்தது இந்தக் குறைதான்.

3. கிரீன்லாந்து: கேட்காமலே போட்ட இடம்

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே லூப், பனி சூழ்ந்த கிரீன்லாந்திலும் பயன்பட்டது. டென்மார்க்கின் ஆளுகைக்குட்பட்ட அந்தத் தீவில் 1966 முதல் 1970 வரை ஏறத்தாழ 4,500 பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் டேனிஷ் மருத்துவர்கள் கருப்பைச் சாதனம் பொருத்தினார்கள். கருத்தரிக்கும் வயதில் இருந்தவர்களில் அது ஏறக்குறையப் பாதி. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த, இன்னும் திருமணமே ஆகாத சிறுமிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். பலருக்கு உள்ளே என்ன வைத்தார்கள் என்றே தெரியாது. பெற்றோரையும் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் பிறப்பு விகிதம் பாதியாகக் குறைந்தது. ஆட்சியாளர் பார்வையில் திட்டம் வெற்றி.

அந்தச் சிறுமிகளுள் ஒருவரான உளவியலாளர் நாயா லூபெர்த் 2017-இல் தன் அனுபவத்தைப் பொதுவெளியில் சொன்னார். 2022-இல் டேனிஷ் வானொலித் தொடர் ஒன்று ஆவணங்களைக் கொண்டுவந்தது. 2024-இல் 143 பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்குக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்.

கிரீன்லாந்துக்கும் நமக்கும் அளவில் ஒப்புமை இல்லை. ஆனால் எண்ணத்தில் ஒப்புமை உண்டு. பிறப்பைக் குறைப்பது நோக்கமானால், பெண்ணின் மறதியையும் மனமாற்றத்தையும் கடந்து நிற்கும் கருவியே சிறந்த கருவி ஆகிவிடுகிறது. எந்தப் பண்பு பெண்ணுக்கு வசதியோ, அதே பண்பு அவள்மேல் அதிகாரம் செலுத்துபவருக்கும் வசதி.

4. நார்பிளான்ட்: போடுவதற்குப் பணம், எடுப்பதற்குத் தடை

1990 டிசம்பரில் அமெரிக்காவில் ‘நார்பிளான்ட்’ அனுமதி பெற்றது. மேற்கையின் தோலுக்கடியில் வைக்கும் ஆறு சிறு குழல்கள். ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு. அனுமதி கிடைத்த இரண்டாம் நாள், பிலடெல்பியா நகரின் பெருநாளிதழ் ஒன்று, கறுப்பின மக்களின் வறுமையைக் குறைக்க இது உதவும் என்று தலையங்கம் தீட்டியது. எதிர்ப்பு எழவே மன்னிப்புக் கேட்டது. ஆனால் சட்டமன்றங்களில் அந்த எண்ணம் ஓயவில்லை. கன்சாஸ் மாநிலத்தில் உதவித்தொகை பெறும் பெண்கள் இதைப் போட்டுக்கொண்டால் 500 டாலர் தரலாம் என்று ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறவில்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு எல்லா மாநிலங்களிலும் பொருத்தும் செலவை ஏற்றது. எடுக்கும் செலவு என்று வந்தபோது, மருத்துவக் காரணம் இருந்தால்தான் தருவோம் என்று நிபந்தனை போட்ட இடங்கள் இருந்தன.

எடுப்பதும் எளிதாக இருக்கவில்லை. குழல்களைச் சுற்றிச் சதை வளர்ந்திருக்கும். பயிற்சி இல்லாதவர் கையில் அது நீண்ட, வலி மிகுந்த வேலை. 2002-இல் அங்கே அது சந்தையிலிருந்து நீங்கியது. 2016-இல் ‘சிஸ்டர்சாங்’ என்ற கறுப்பின, பழங்குடி உள்ளிட்ட வெள்ளையரல்லாத பெண்களின் கூட்டமைப்பும் தேசியப் பெண்கள் நல வலையமைப்பும் நீண்டகாலக் கருத்தடைக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டன. இந்தக் கருவிகள் வேண்டாம் என்று அவை சொல்லவில்லை. எளிதில் கிடைக்க வேண்டும், யார்மீதும் திணிக்கக் கூடாது, கேட்டபோது தடையின்றி எடுக்க வேண்டும் என்று கேட்டன. பாதிக்கப்பட்டவர்களின் வரலாற்றிலிருந்து வந்த தெளிவு அது.

5. நம் பிரசவ வார்டுகள்

இனி நம் ஊருக்கு வருவோம். 1990-களின் நடுவில் தமிழ்நாட்டின் அரசு மகப்பேறு வார்டுகளில் ஆய்வு செய்த மானுடவியலாளர் சிசிலியா வான் ஹோலன், பிரசவத்துக்கும் கருக்கலைப்புக்கும் வந்த பெண்களுக்குக் கருப்பைச் சாதனம் பொருத்துவது வழக்கமான சடங்காகவே நடந்ததை 1998-இல் எழுதினார். சிலருக்குத் தெரியாமலே பொருத்தப்பட்டது. மறுத்தவர்கள் ஏச்சு கேட்டார்கள். இலக்கு என்ற ஒன்று மேலிருந்து கீழே அழுத்தியபோது, கடைசியில் அந்த அழுத்தம் இறங்கிய இடம் பிரசவ மேசையில் கிடந்த பெண்ணின் உடல்.

1994-இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாடு பெண்ணின் உரிமையை மையமாக்கியது. 1996-இல் இந்தியா முறை வாரியான இலக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தது. பெரிய மாற்றம், வரவேற்க வேண்டியது. ஆனால் 2010 முதல் பிரசவமான உடனே காப்பர்-டி போடும் திட்டம் விரிந்தபோது, ஊக்கத்தொகை திரும்பி வந்தது. எத்தனை பேருக்குப் போட்டீர்கள் என்ற மாதாந்தரக் கேள்வியும் அதனுடன் வந்தது.

பிரசவத்துக்குப் பின் உடனே போடுவதில் மருத்துவ நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. வீட்டுக்குப் போனபின் திரும்பி வருவது பல பெண்களுக்குக் கடினம். கருவுறும் அபாயம் எதிர்பார்த்ததைவிட விரைவில் வந்துவிடும். இவையெல்லாம் சரியே. ஆனால் அரசு வார்டுக்கு வருபவர் பெரும்பாலும் கூலித்தொழிலாளர், தலித், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தார். தனியார் மருத்துவமனையில் ‘வேண்டுமா?’ என்று மருத்துவர் கேட்கிறார். இங்கே ‘போட்டாச்சு’ என்று சொல்லப்படுகிறது. இடுப்புவலியில் துடிப்பவரிடம் வாங்கும் கையொப்பத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. மாதாந்தரப் பரிசோதனைகளின்போதே, மாமியாரும் கணவரும் அருகில் இல்லாத நேரத்தில், அவளிடம் பேசியிருக்க வேண்டும்.

எடுக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. பிரசவமான உடன் போட்ட காப்பர்-டியின் நூல் உடனே கண்ணில் படாது. சில வாரங்கள் கழித்தே இறங்கும், சிலருக்கு இறங்காமலே போகும். அத்தகையவருக்கு ஸ்கேன் வேண்டும், சிலருக்குக் கருவி கொண்டு எடுக்க வேண்டும். பிரசவம் நடந்த நிலையத்தில் போட முடிந்ததை அங்கேயே எடுக்க முடியாமல், பெரிய மருத்துவமனைக்கு ஒருநாள் கூலியை இழந்து போக நேர்கிறது. அங்கே ‘இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா’ என்ற பதில் வருகிறது. செங்கல்பட்டுப் பகுதியில் 1981-இல் தலித் பெண்களும் ஆய்வாளர் சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து தொடங்கிய ‘ருவ்செக்’ போன்ற அமைப்புகள் பெண்களின் குரலை நேரடியாகப் பதிவு செய்துவருவதற்கான தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

6. எடுக்கவே முடியாத முறையும் உழைக்கும் உடலும்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். காப்பர்-டி போன்றவற்றைப் பயன்படுத்துபவர் 2.1 விழுக்காடு. ஆணுக்கான அறுவை 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண் அறுவை 57.8 விழுக்காடு. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77-இல், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன, பெரும்பாலானவை ஆண்களுக்கு. ஆண்களின் கோபம் ஆட்சியை அசைத்தது. அதன்பின் சுமை முழுவதும் பெண் பக்கம் சாய்ந்தது. பெண்ணின் கோபத்துக்கு அந்த எடை இல்லை என்று கணக்குப் போட்டார்கள். 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அங்கும் அதையொட்டிய முகாம்களிலும் அறுவைக்கு உட்பட்ட 13 பெண்கள் இறந்தார்கள். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆகவே நம் பெண்களுக்கு மீளக்கூடிய முறைகள் மிகுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இருபத்தாறு வயதுக்குள் அறுவை முடித்துவிடும் ஒருத்திக்குக் காப்பர்-டி ஒரு மாற்று வழி. ஆனால் எந்தச் சாதனம் என்ற கேள்வியிலும் வர்க்கம் இருக்கிறது. காப்பர்-டி மாதவிடாய்ப் போக்கை அதிகப்படுத்தக்கூடும். ஹார்மோன் சாதனம் அதைக் குறைக்கும். அதே ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அவர்களுக்குப் பொருத்தமானது இரண்டாவது. அரசு இலவசமாகத் தருவதோ முதலாவது. இரண்டாவது தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய். நாள் முழுதும் நாற்று நடும் பெண்ணுக்கு, கழிப்பறை இல்லாத கட்டட வேலையில் நிற்கும் பெண்ணுக்கு, கூடுதலாக மூன்று நாள் உதிரப்போக்கு என்பது சிறு பக்கவிளைவு அன்று. அவள் வருமானத்தையே தொடும் விஷயம். ‘பழகிவிடும்’ என்று சொல்பவர் அவள் வேலையைப் பார்த்ததில்லை.

வலியும் இதில் சேரும். 2024-இல்தான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், சாதனம் பொருத்தும்போது வரும் வலியைப் பற்றி எல்லாப் பெண்களிடமும் பேசுங்கள், மரத்துப்போகும் மருந்தைப் பயன்படுத்துவதைக் கருதுங்கள் என்று வழிகாட்டியது. பெண்ணின் வலி கணக்கில் வர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

7. கணக்குக்கு வெளியே நிற்பவர்கள்

நம் பதிவேடுகள் ‘தகுதியுள்ள தம்பதியர்’ என்ற பிரிவைச் சுற்றியே எழுதப்பட்டவை. மணமாகாத பெண், கணவனை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், பாலியல் தொழிலாளர் ஆகியோர் அந்தப் பிரிவுக்குள் வருவதில்லை. 2022-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தில் மணமான பெண், மணமாகாத பெண் என்று வேறுபடுத்துவது தகாது என்றது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற முதல் கேள்வியே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. திணிப்புக்கு ஆளாவோரும் மறுப்புக்கு ஆளாவோரும் இப்படி ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள்: வார்டில் ஒருவர், வாசலில் ஒருவர்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ‘எடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசினால் பெண்கள் பயந்துவிட மாட்டார்களா? வேண்டாத கருவும், தாய் மரணமும் கூடாதா?’ என்று நல்லெண்ணம் கொண்ட மருத்துவர்கள் கேட்கிறார்கள். வேண்டாத கர்ப்பம் உயிரைக் குடிக்கும் என்பதை நான் அறிவேன். ஆனால் 1965-இல் வந்த லூப்பின் பாடம் வேறு. எடுக்க ஆளில்லாத இடத்தில்தான் பெண்கள் பயந்து ஒதுங்கினார்கள். வேண்டாமென்றால் வெளியேறலாம் என்ற உறுதி இருந்தால், முயன்று பார்க்கும் துணிவு வரும். எடுக்கும் வழியைத் திறந்து வைப்பதே போட்டுக்கொள்பவர்களைப் பெருக்கும் வழியும்கூட.

நிறைவாக, செய்ய வேண்டியவை

முதலாவது, போட்ட எண்ணிக்கையோடு எடுத்த எண்ணிக்கையையும், கேட்டும் எடுக்கப்படாதவர் எண்ணிக்கையையும் மாவட்டந்தோறும் பதிவு செய்ய வேண்டும். எடுப்பு அதிகமானால் அதைத் தோல்வி என்று செவிலியரைக் கண்டிக்கக் கூடாது. இரண்டாவது, பொருத்துவதற்குத் தரும் ஊக்கத்தொகையை நிறுத்தி, அந்தப் பணத்தை ஆலோசனைக்கும் தொடர் பராமரிப்புக்கும் கொடுக்க வேண்டும். மூன்றாவது, பொருத்தும் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் எடுக்கும் பயிற்சியும் பெற வேண்டும். இந்தியாவின் சில மாநிலங்களில் தோலடிக் குச்சி அரசுத் திட்டத்தில் அறிமுகமாகியிருக்கும் இந்த நேரத்தில், எடுக்கத் தெரிந்தவர் இல்லாத நிலையத்தில் அதைப் பொருத்தவே கூடாது. நான்காவது, ஹார்மோன் சாதனம் இரத்தசோகை உள்ளவருக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஐந்தாவது, ஆணுறையும் ஆணுக்கான எளிய அறுவையும் ஆலோசனையின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

செவிலியர் கல்லூரி மாணவியரே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் துணை சுகாதார நிலையங்களிலும் பிரசவ வார்டுகளிலும் பொறுப்பேற்பீர்கள். மேலிருந்து எண்ணிக்கை கேட்பார்கள், நேரம் இருக்காது, கூட்டம் நிற்கும். அப்போது ஒரு பெண் வந்து, காரணம் சொல்லியோ சொல்லாமலோ, எடுத்துவிடுங்கள் என்பாள். காரணம் கேட்டு அவளை விசாரிக்காதீர்கள். கணவர் சம்மதித்தாரா என்று கேட்காதீர்கள். உடலில் சிக்கல் ஏதும் உண்டா என்று பாருங்கள், வேறு முறை வேண்டுமா என்று கேளுங்கள், அன்றைக்கே எடுத்துக் கொடுங்கள். அரசாணைக்குக் காத்திராமல் நாளைக்கே தொடங்கக்கூடிய சமூகநீதி இது. அதைச் செய்யும் திறன் உங்கள் கையில் இருக்கிறது.